படத்துக்குக் கீழே வராத ஒரு வரி

எங்கள் ஆரணி வாட்ஸ்அப் குழுவில் வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஒரு வரைபடம் வந்துவிடும். மேலே ஒரு கோடு, அடியில் ஒரு கோடு, நடுவில் நெருக்கமாகச் சில. கூடவே, "சிந்துவெளி எழுத்து தமிழ்தான், அறிவியல் நிரூபித்துவிட்டது!" படம் நிஜம். அந்த வரி யாரோ ஒட்டியது.

2009-இல் சயன்ஸ் இதழில் வந்த ஒரு பக்கக் கட்டுரையின் படம் அது. எழுதியவர்கள் ராஜேஷ் ராவ், நிஷா யாதவ், மயங்க் வாஹியா, ஐராவதம் மகாதேவன் உட்பட ஆறு பேர். ஒரு குறிக்கு அடுத்து எது வரும் என்று எவ்வளவு தூரம் ஊகிக்கலாம்? அதைத்தான் அளந்தார்கள். எதுவும் வரலாம் என்றால் கோடு மேலே போகும்; இதுதான் வரும் என்றால் கீழே படுத்துவிடும். மொழிகள் நடுவில் நிற்கும். சிந்துவும் நடுவில்தான், சுமேரியத்துக்கும் பழந்தமிழுக்கும் பக்கத்தில்.

சரி, மேல் கோடும் கீழ்க் கோடும் எவை? மொழியல்லாத குறியீடுகள், வகை 1, வகை 2. கட்டுரையில் உதாரணமாக வின்சா குறிகளும், மெசபடோமிய எல்லைக் கற்களில் உள்ள தெய்வச் சின்னங்களும் வருகின்றன. கோடுகள் அவற்றிலிருந்தே வந்தவை என்றுதான் நானும் நினைத்தேன். இல்லைங்க. இரண்டும் கணினியில் உருவாக்கியவை: ஒன்று முழுக்கத் தாறுமாறு, மற்றது முழுக்கக் கட்டுப்பாடு. அந்த விவரம் தனியாக இருந்த துணைக் கோப்பில் கிடந்தது. ஃபார்மர், ஸ்ப்ரோட், விட்செல் மூவரும் இதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். 2010-இல் கம்ப்யூட்டேஷனல் லிங்குயிஸ்டிக்ஸ் இதழில் ஸ்ப்ரோட் தாக்க, ராவ் குழு அங்கேயே பதில் எழுதியது: இது பல சான்றுகளில் ஒன்று, தனியே நிரூபணம் இல்லை.

பதில் நியாயம்தான். ஆனால் படம் அப்படிப் பேசவில்லையே. மறைத்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன், ஏன்னா நானே இதைச் செய்திருக்கிறேன். ஊர்ப்பெயர்கள் பற்றி நண்பர்கள் மூவரோடு எழுதியபோது படம் வரைந்தவன் நான். ஒப்பீட்டுக்காக நிரல் எழுதி உருவாக்கிய பெயர்களுக்கு, கேப்ஷனில் "மாதிரித் தரவு" என்று மட்டும் போட்டேன். கூட எழுதிய நண்பர் அதை ஊர் ஊராகத் திரட்டிய மாதிரி என்று புரிந்துகொண்டு, அதை வைத்து இரண்டு பத்தி எழுதிவிட்டார். அனுப்புவதற்கு முந்தின ராத்திரிதான் கண்ணில் பட்டது.

வரைந்தவனுக்கு எல்லாம் தெரியும், அதனால் எழுதமாட்டான். மற்றவர்கள் அவனுக்குத் தெரியும் என்று விட்டுவிடுவார்கள். எங்கள் ஊரில் ஜக்கார்டு அட்டை அடிப்பவரிடம் டிசைன் கிராஃப் தாளை நீட்டிப் பாருங்கள். பூவைப் பார்ப்பதற்கு முன்னால் ஓரத்தைப் பார்ப்பார். கொக்கி எத்தனை என்று அங்கே எழுதலைன்னா தாள் திரும்பி வந்துவிடும்.

போன வாரம் படம் மறுபடி வந்தபோது அடியில் இதைச் சேர்த்துக் குழுவில் போட்டேன்: "மேல், கீழ்க் கோடுகள் கணினியில் உருவாக்கிய எல்லைகள், நிஜக் குறியீடுகள் அல்ல. இரண்டு கோடுகள் பக்கத்தில் இருப்பதால் இரண்டும் ஒரே மொழி ஆகாது." மறுநாள் வேறொரு குழுவிலிருந்து அதே படம் வந்தது. என் வரியை வெட்டிவிட்டிருந்தார்கள்.