‘கிரவிட்டி’: முன்னோட்டத்தில் கேட்ட சத்தம்

அல்பொன்ஸோ குவாரோன் ‘சில்ட்ரன் ஒஃப் மென்’ படத்தைத் தந்தது 2006இல். அடுத்த படத்துக்கு ஏழு வருடம் காத்திருக்க வேண்டியதாயிற்று. 2012 நவம்பரில் வருகிறது என்றார்கள். பிறகு அதுவும் ஒரு வருடம் தள்ளிப் போனது. நடிக்கப் போவது யார் என்பதிலும் பல பெயர்கள் வந்து வந்து போயின. கடைசியில் முன்னோட்டம் வெளியானபோது, ஒரு பெண் இருட்டுக்குள் சுழன்று சுழன்று தூரமாகிப் போகும் அந்தக் காட்சியை எத்தனை தரம் பார்த்தேன் என்று எனக்கே கணக்கில்லை. ஆனால் ஒன்று உறுத்தியது. விண்கலம் சிதறும்போது இடிச் சத்தம் கேட்டது. காற்றே இல்லாத இடத்தில் சத்தம் எங்கிருந்து வரும்? ‘இதுவும் அதே ஹொலிவூட் சரக்குத்தான்’ எண்டு நினைத்துக்கொண்டேன்.

படத்தில் அந்தச் சத்தம் இல்லை. முன்னோட்டத்தில் சேர்த்தார்கள், நாங்கள் படத்தில் அதைச் செய்யவில்லை என்று குவாரோனே சொல்லியிருந்தார். ஹபிள் தொலைநோக்கியைத் திருத்திக்கொண்டிருக்கும் சன்ட்ரா புல்லொக், சுற்றிச் சுற்றிக் கதை சொல்லும் ஜோர்ஜ் குளூனி, கீழே நீலமாய்ப் பூமி. ஏறத்தாழ 13 நிமிடம் வெட்டே தெரியாமல் நகரும் ஒரே காட்சி. இம்மானுவேல் லுபெஸ்கியின் கமரா யாருக்கும் தரையில்லை என்பதை நமது வயிற்றுக்கே உணர்த்திவிடுகிறது. பிறகு உடைந்த செய்மதிகளின் துண்டுகள் வந்து மோதுகின்றன, ஊமையாக.

நான் பார்த்த தியேட்டரில் அந்நேரம் பொப்கோன் பை சரசரத்தாலும் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒட்சிசன் குறைகிறது, மெதுவாக மூச்சு விடு என்று அவளுக்குச் சொல்லப்படும்போது சபையே மூச்சைச் சிக்கனம் பிடித்தது. வெறும் 91 நிமிடப் படம். வெளியே வந்தபோது முழு இரவு விழித்திருந்த களைப்பு.

அமெரிக்காவில் 2013 ஒக்டோபர் 4ஆம் திகதி வெளியானது. முதல் வார இறுதியிலேயே ஐந்து கோடி டொலருக்கு மேல் வசூல். கூடவே பிழை பிடிப்பவர்களும் வந்தார்கள். வானியலாளர் நீல் டிகிராஸ் டைசன் கேள்விகளை அடுக்கினார்: புல்லொக்கின் தலைமுடி ஏன் மிதக்கவில்லை? செய்மதிகள் அனேகமாக மேற்கிலிருந்து கிழக்குக்குச் சுற்ற, சிதறல்கள் ஏன் எதிர்த்திசையில் வருகின்றன? ஹபிளும் சர்வதேச விண்வெளி நிலையமும் எப்படி ஒன்றுக்கொன்று கண்ணுக்கெட்டும் தூரத்தில்? எல்லாம் நியாயம்தான். படத்தை ரசித்தேன் என்று அவரே பிறகு சொன்னதை மட்டும் பலர் மறந்துபோனார்கள். மேற்சொன்ன மூன்றும் எனக்குப் பெரிய விசயமில்லை. நாலாவதுதான் சுடும். கயிற்றில் தொங்கும் குளூனி, அவளைக் காப்பாற்ற என்று கொக்கியைக் கழற்றிவிடுகிறார். இருவரும் நின்றுவிட்டதாகத்தான் கண்ணுக்குத் தெரிகிறது. அங்கே அவரை இழுப்பது எது? மெல்லச் சுண்டினாலே கிட்ட வந்திருப்பார். ஒரு தியாகம் கதையாசிரியரின் தேவைக்காக நடந்தால் அழுகை வராது.

வெடிப்புக்குச் சத்தம் வேண்டாம் என்று துணிந்த அதே குவாரோன், ஒரு பெண்ணின் துணிவை அப்படியே விட்டுவைக்கத் துணியவில்லை. உயிர் பிழைக்க நினைப்பதற்கு ஒரு காரணம் வேண்டுமாம். அதற்காக இறந்துபோன ஒரு மகள். ஸ்டீவன் பிரைஸின் இசை ஒஸ்கார் வாங்கியது, மறுக்கவில்லை. ஆனாலும் கடைசிக் கட்டத்தில் அது நம்மைத் தோளில் பிடித்துக் குலுக்குகிறது. ஏழு ஒஸ்கார் கிடைத்த படத்தில் எனக்குள்ள மனக்குறை இதுதான்.

பிறகு வீட்டில், சின்னக் கம்பியூட்டரில் மருமகனோடு பார்த்தேன். பாதி வித்தை காணாமல் போயிருந்தது. “மாமா, இவ தனியத்தானே கதைச்சிட்டு இரிக்கா?” என்றான் சலிப்போடு. ஆனால் ஒரு இடத்தில் அவன் எழுந்து உட்கார்ந்தான். வானொலியில் யாரோ ஒரு மனிதன் பேசுகிறான், மொழி புரியவில்லை. நாய் குரைக்கிறது. அவள் அதோடு சேர்ந்து ஊளையிடுகிறாள். தனக்குப் பிரார்த்தனை செய்ய யாரும் கற்றுத் தரவில்லை என்கிறாள். ஒரு குழந்தை அழுவதும் கேட்கிறது. திரைக்கதையில் பங்கெடுத்த மகன் ஜோனாஸ் குவாரோன் அந்த மனிதனின் பக்கத்தை ‘அனிங்காக்’ என்று தனிக் குறும்படமாகவே எடுத்தார்: கிரீன்லாந்தின் பனியில் ஒரு மீன்பிடிப்பவர், கையில் வானொலி. எதிர்முனையில் சாகக் கிடப்பது யாரென்று அவருக்குத் தெரியாது. அதைத் தேடி எடுத்து மருமகனுக்குக் காட்டினேன். முடிந்ததும், “அந்த இடத்த மட்டும் இன்னொருக்காப் போடுங்க மாமா” என்றான்.