பாட்டில் ஊர்ப்பெயர் இருக்கட்டும்

தமிழில் அரசியல் பாட்டுக்கு எக்காலத்திலும் பஞ்சம் இருந்ததில்லை. ஆனால் எது நல்ல பாட்டு என்று கேட்டால் கட்சிக்காரர் தம் கட்சிப் பாட்டைக் காட்டுவார், சங்கீதம் தெரிந்தவர் ராகத்தைக் காட்டுவார், இளைஞர்கள் எத்தனை கோடிப் பேர் பார்த்தார்கள் என்ற எண்ணைக் காட்டுவார்கள். இந்த மூன்றும் எனக்குப் போதவில்லை. பாடியவரைச் சிறையில் அடைத்த பிறகும் ஊரார் அதைப் பாடுகிறார்களா என்பதே என் முதல் கேள்வி. அப்படிப் பாட வேண்டுமென்றால் மெட்டு அவர்கள் வாயில் ஏற்கெனவே இருந்ததாக இருக்க வேண்டும். கடப்பாக்கத்திலிருந்து வரும் இந்த மலரில் அதைப் பேசுவதற்குக் காரணமும் உண்டு. கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டும், சாவு வீட்டு ஒப்பாரியும், பறையும், கூத்தும் நம் கடற்கரைக்கும் அதை ஒட்டிய செய்யூர், மதுராந்தகம் பக்கத்து ஊர்களுக்கும் சொந்தம்.

கூத்திலிருந்தே தொடங்குகிறேன். துரியோதனன் கொலுவீற்றிருக்கும்போது பக்கத்தில் நின்று அவனைக் கேலி செய்யும் உரிமை கட்டியங்காரனுக்கு உண்டு. பாரதக் கதைக்கு நடுவே அவன் ரேஷன் கடையைப் பேசுவான், ஊராட்சித் தலைவரைப் பேசுவான். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரிய மனிதரும் சிரித்துத்தான் ஆக வேண்டும். தமிழின் கலகப் பாட்டு மரபு முழுவதும் இந்த இடத்திலிருந்து கிளைத்தது என்பது என் எண்ணம்.

விடுதலைப் போராட்ட காலத்து நாடக மேடை அதை அப்படியே எடுத்துக்கொண்டது. வள்ளி திருமணத்தில் தினைப்புனம் காக்கும் காட்சி வரும். பறவையை விரட்டும் பாட்டும் வரும். அந்த இடத்தில் நடிகர் விஸ்வநாததாஸ் வெள்ளைக் கொக்கைப் பாடினார். கொட்டகையில் இருந்த எல்லாருக்கும் அந்தக் கொக்கு யார் என்று தெரியும். போலீஸாருக்கும் தெரியும். முருகன் வேடத்திலேயே அவரைக் கைது செய்ய அவர்கள் மேடையோரம் காத்திருப்பார்கள். மருத்துவர் குலத்தில் பிறந்தவர் என்பதற்காக அவரோடு ஜோடி சேர்ந்து நடிக்க மறுத்த நடிகைகளும் இருந்தார்கள். அந்நிய ஆட்சியின் தடையையும் சொந்த ஊரின் சாதியையும் ஒருசேரத் தாங்கியபடி பாடியவர், 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் மேடையிலேயே உயிர்விட்டார். மதுரகவி பாஸ்கரதாஸ் போன்றோர் எழுதிய பாட்டுகள் இசைத்தட்டு வழியாகவும் பரவின. பாரதியின் நூல்களையே 1928இல் அரசு பறிமுதல் செய்த காலம் அது.

திராவிட இயக்கம் தனி வழியில் சென்றது. நாகூர் ஹனிபாவின் வெண்கலக் குரல் கேட்டபிறகுதான் பல ஊர்களில் கூட்டமே சேரும். அந்தக் குரலுக்கு ஈடு இன்றுவரை இல்லை. ஆனால் இயக்கம் 1967இல் ஆட்சிக்கு வந்த பிறகு, அந்தப் பாட்டு வழியில் தலைவர் புகழ் பெருகி, கேள்வி குறைந்தது. ஆளும் கட்சியின் பாட்டுக்கு எப்போதும் நேரும் கதி இது. குறையாகச் சொல்கிறேன், பாடகர்மேல் பழியாக அல்ல.

நான் நின்று பேச விரும்பும் இடம் வெண்மணி. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். வழக்கில் தண்டிக்கப்பட்ட நிலவுடைமையாளர்களை உயர் நீதிமன்றம் பின்னர் விடுவித்தது. அந்தக் கொடுமையிலிருந்து எழுந்தது இன்குலாப் எழுதிய ‘மனுசங்கடா’. கீழக்கரையில் பிறந்து சென்னை நியூ கல்லூரியில் தமிழ் கற்பித்த பேராசிரியர் அவர். செய்யுள் மொழி அறிந்தவர், அதை ஒதுக்கிவைத்துவிட்டுச் சேரி வாய்மொழியில் எழுதினார். அதில் இரங்கற்பாவின் குழைவு கிடையாது. எதிரே நிற்பவனின் முகத்தைப் பார்த்துப் பேசும் தோரணை அது.

அந்தப் பாட்டை ஊர் ஊராகக் கொண்டுபோனவர் கே. ஏ. குணசேகரன். சிவகங்கைப் பக்கத்து மாரந்தையில் பிறந்தவர், ‘வடு’ என்னும் தன்வரலாற்றை எழுதியவர், புதுச்சேரியில் நாடகப் பேராசிரியராக இருந்தவர். ‘தன்னானே’ குழுவோடு அவர் பாடியபோது, தலித் தெருவில் பிறந்த குரலே தலித் தெருவின் பாட்டைப் பாடியது. எழுதியவர் பெயர் தெரியாமலே பலர் அதைப் பாடினார்கள். இடதுசாரிகளின் கலை இரவுகளிலும் தலித் அமைப்புகளின் ஊர்வலங்களிலும் ஒரே பாட்டு ஒலித்தது. இதைவிடப் பெரிய சான்று ஒரு பாட்டுக்கு வேண்டுமா? இருவரும் 2016இல், குணசேகரன் ஜனவரியிலும் இன்குலாப் டிசம்பரிலும் மறைந்தார்கள். இன்குலாபின் உடல் நம் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரிக்குக் கொடையாக வந்தது. மறைவுக்குப் பின் அறிவிக்கப்பட்ட 2017ஆம் ஆண்டு சாகித்ய அகாதெமி விருதை அவர் குடும்பத்தார் ஏற்கவில்லை.

அமெரிக்காவிலும் இப்படி ஒரு கொடுமையிலிருந்து பாட்டு எழுந்ததைக் காண்கிறோம். 1970 மே 4 அன்று ஒஹாயோ மாநிலத்தின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் நான்கு மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நீல் யங் ‘ஒஹாயோ’ பாட்டை எழுதி, அடுத்த மாதமே அது வெளிவந்தது. தலைப்பிலேயே இடம் இருக்கிறது, பாட்டுக்குள் ஜனாதிபதியின் பெயர் இருக்கிறது. கன்ட்ரி என்னும் கிராமத்து கிட்டார் மெட்டையும் ராக் இசையின் உரப்பையும் சேர்த்த அந்தத் தலைமுறை, துயரத்தைப் பொதுவாகப் பாடுவதைவிடக் குறிப்பாகப் பாடுவதே வலியது என்று காட்டியது. நம் ஊர்ப் பாட்டுகளில் எனக்குள்ள மனக்குறையும் இதுதான். ‘ஏழை’, ‘அநீதி’, ‘விடியல்’ என்று பாடினால் யாருக்கும் கோபம் வருவதில்லை. கடையின் பெயரும் ஆள்பவரின் பெயரும் வந்தால்தான் வழக்கு வருகிறது.

கோவனுக்கு வந்தது. மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் பாடகரான அவர், டாஸ்மாக்கை மூடச் சொல்லியும் முதலமைச்சரைச் சாடியும் பாடியதற்காக 2015 அக்டோபர் 30 அதிகாலையில் திருச்சியில் கைது செய்யப்பட்டார். போட்ட பிரிவு 124-அ, ராஜத்துரோகம். மது ஒழிப்புக்குப் போராடிய சசிபெருமாள் இறந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. கைதுக்கு முன் அந்தப் பாட்டைக் கேட்டவர்களைவிடப் பின்னால் கைபேசியில் கேட்டவர்கள் பல மடங்கு. கையில் பறையும் காலில் சலங்கையும் இருந்தால் போதும், மின்சாரம்கூடத் தேவைப்படாத கலை அது. இந்தப் பள்ளியின் பலம் அந்த எளிமை. அமைப்பு சொல்லும் முடிவைப் பாட்டும் வரி மாறாமல் சொல்லிவிடுவது இதன் பலவீனம். கேட்பவர் தாமாக எட்டுவதற்கு எதுவும் மிச்சமிருப்பதில்லை.

2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்துப் பள்ளி மைதானம் ஒன்றில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ அரங்கேறியது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்த்த குழு. பெயருக்கு வேர் அயோத்திதாசப் பண்டிதரின் சாதியற்ற தமிழர் என்னும் கருத்து. சாவு வீட்டில் விடிய விடியப் பாடும் வடசென்னைக் கானாவும், பறையும், சட்டியும், கட்டமோளமும் ஒரு பக்கம். கிட்டாரும் டிரம்ஸும் ராப்பும் மறுபக்கம். அமெரிக்காவில் கன்ட்ரியும் ராக்கும் சேர்ந்ததற்கு இணையாக ஏதாவது இங்கே நடந்தது என்றால் இதைத்தான் சொல்வேன். இட ஒதுக்கீட்டையும் மாட்டுக்கறியையும் பற்றிக் கச்சேரி மேடையில் பாடலாம் என்று ஆனது அன்றுதான். ரௌடிகளின் பாட்டு என்று படித்தவர்கள் ஒதுக்கிய கானாவுக்கு முழு ஒலிபெருக்கிகளும் நல்ல ஒலிக்கலவையும் கிடைத்தது என்பதே ஓர் அரசியல் நிகழ்ச்சி.

ஆண்கள் மட்டுமே பாடிவந்த கானாவில் இசைவாணி வந்து நின்றார். பெண்கள் கோயில் நுழைவு பற்றி அந்த ஆண்டு பாடிய பாட்டுக்காக, ஆறு ஆண்டுகள் கழித்து 2024 நவம்பரில் அவர்மேல் புகார்களும் மிரட்டல்களும் குவிந்தன. பாட்டு செத்துப்போயிருந்தால் அதை யாரும் தோண்டி எடுத்திருக்க மாட்டார்கள்.

கபேர் வாசுகி எழுதி டி. எம். கிருஷ்ணா பாடிய ‘சென்னை புறம்போக்குப் பாடல்’, 2017இல் எண்ணூர்க் கழிமுகத்துக்காகக் கர்நாடக ராகங்களில் வந்தது. துணிவான முயற்சி, மதிக்கிறேன். ஆனால் எண்ணூர் மீனவர் தெருவில் அதை வாய்விட்டுப் பாடுவது கடினம். சபாவில் இருப்பவர்களை உலுக்குவதே அதன் வேலை, அதைச் செய்தது.

கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவிலிருந்து எழுந்த பாடகர் அறிவு, அரக்கோணத்துக்காரர். 2021 மார்ச்சில் வந்த ‘என்ஜாய் எஞ்சாமி’யில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தும் நிலமின்றித் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் கதையைச் சேர்த்தார். ஒப்பாரி நடனப் பாட்டாகி உலகமே ஆடியது. 2022 ஜூலையில் மாமல்லபுரத்துச் செஸ் ஒலிம்பியாட்டின் தொடக்க விழா சென்னையில் நடந்தபோது அந்தப் பாட்டு மேடையேறியது, அறிவு மேடையில் இல்லை. பாட்டில் தன் உழைப்பு எவ்வளவு என்பதை அவர் வெளிப்படையாக எழுதினார். இது கூட்டு உழைப்பு என்று இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனும் உடன் பாடிய தீயும் தம் பக்கத்தைச் சொன்னார்கள். வழக்காட நான் வரவில்லை. நிலம் இழந்தவர்களின் பாட்டிலேயே உரிமைக் கேள்வி எழுந்தது நெஞ்சை அறுக்கிறது. பாட்டு யாருக்குச் சொந்தம் என்பதையும் இனி நாம் அளவுகோலில் சேர்த்தாக வேண்டும்.

இன்னொன்றையும் சேர்ப்பேன். எதிரியைத் திட்டிப் பாடுவதற்குக் கைதட்டல் நிச்சயம். தன் ரசிகரையே எதிர்த்துப் பாடுவதுதான் கடினம். 2003 மார்ச்சில், ஈராக் போருக்குச் சில நாள் முன்பு, டெக்சாஸைச் சேர்ந்த டிக்ஸி சிக்ஸ் குழுவின் நாட்டலி மெய்ன்ஸ், ஜனாதிபதி தம் மாநிலத்துக்காரர் என்பதற்கு வெட்கப்படுவதாக லண்டன் மேடையில் சொன்னார். கன்ட்ரி வானொலிகள் அவர்கள் பாட்டை நிறுத்தின. முந்தைய நாள்வரை கொண்டாடிய ரசிகர்கள் குறுந்தகடுகளை நொறுக்கினார்கள். அவர்கள் பணிந்துபோகாமல் பதில் பாட்டை எழுதினார்கள், 2007இல் ஐந்து கிராமி விருதுகள் வந்தன. நம் பக்கம் தன் கட்சியை, தன் சாதியை, தன் தெருவைக் கேட்கும் பாட்டுகளை எண்ண விரல்கள் போதும்.

நம் மாவட்டத்துக்கு வருகிறேன். செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையிலிருந்துதான் தலித் மக்களுக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலம் பிறந்தது. அந்த நிலத்தை மீட்கக் கோரி மாமல்லபுரத்தை அடுத்த காரணை மக்கள் போராடினார்கள். 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு சென்ட் மனை என்ன விலை என்பதை இன்று இங்குள்ள பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். அந்த இரண்டு பெயர்களைச் சொல்லத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? வெண்மணிக்கு ஒரு பாட்டு வாய்த்ததால் தஞ்சைக்கு வெளியே பிறந்த குழந்தைக்கும் வெண்மணி தெரிகிறது. காரணைக்கும் அப்படி ஒரு பாட்டு வேண்டும். பறை கற்கும் பிள்ளைகள் மதுராந்தகத்திலும் செய்யூரிலும் இருக்கிறார்கள், கிட்டார் வைத்திருப்பவர்கள் நம் குப்பத்திலேயே இருக்கிறார்கள். மெட்டுக்கு அவர்கள் வெளியே போக வேண்டாம், வலை இழுக்கும் பெரியவர்களிடமும் ஒப்பாரி வைக்கும் ஆயாக்களிடமும் கேட்டால் போதும். எழுதுகிறவர்கள் தேதியையும் ஊரையும் இரண்டு பெயர்களையும் விடாமல் எழுதுங்கள். அடுத்த மலரில் அந்தப் பாட்டை முதல் பக்கத்தில் அச்சிடுவோம்.