நிலத்தைக் குறிக்கும் சொற்களும் பாடநூல் மொழிபெயர்ப்பும்: ஜூம் வேளாண்மை பற்றிய இரு பாடங்கள்

0. முன்னுரை

ஒரு சமுதாயத்தார் நிலத்தை எவ்வாறு நோக்குகின்றனர், எவ்வாறு பேணுகின்றனர் என்பதைப் பிற சமுதாயத்துக் குழந்தைகளுக்குக் கற்பிப்பது அண்மைக் காலக் கலைத்திட்டங்களின் நோக்கங்களுள் ஒன்று. இந்நோக்கம் நிறைவேறுவது பாடப்பொருளைத் தேர்ந்தெடுப்பதைப் பொறுத்தது என்பது பொதுவான கருத்து. ஆனால் ஒரே பொருளைப் பற்றிய இரு பாடங்கள், சொற்றேர்வாலும் தொடரமைப்பாலும் வேறுபட்டு, மாணவரிடம் முற்றிலும் வேறான இரு கருத்துகளை உருவாக்கக்கூடும். தேசியக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம் 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பை ஒட்டி வெளியிட்ட பாடநூல்களில் ஜூம் வேளாண்மை பற்றி அமைந்த இரு பாடங்களை ஒப்பிட்டு இதனை விளக்குவதும், இத்தகைய பாடங்களைத் தமிழில் பெயர்ப்போர் எதிர்கொள்ளும் சிக்கல்களைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. இரு பாடங்கள்

1.1. முதலாவது, பத்தாம் வகுப்புச் சமூக அறிவியலில் 'கன்டெம்பரரி இந்தியா – 2' என்னும் நூலின் வேளாண்மை இயல். இது வேளாண்மையை வகைப்படுத்தும்போது ஜூம் முறையைத் தொன்மை நிலைத் தன்னிறைவு வேளாண்மை என்னும் வகையில் அடக்குகிறது. மரஞ்செடிகளை வெட்டி எரித்துப் பயிரிடுதல், மண்வளம் குறைந்தபின் வேறிடம் பெயர்தல், இயற்கை அம்மண்ணின் வளத்தை மீட்டுத் தருதல், விளைச்சல் குறைவாக இருத்தல் என்பன அது தரும் செய்திகள். தொடர்ந்து, இம்முறைக்கு நாட்டின் பல பகுதிகளில் வழங்கும் பெயர்களின் பட்டியல் இடம்பெறுகிறது. வடகிழக்கில் ஜூம், மணிப்பூரில் பாம்லூ, பஸ்தரில் திபா, மத்தியப் பிரதேசத்தில் பேவர், ஆந்திரத்தில் போடு, மேற்குத் தொடர்ச்சி மலையில் குமரி, இமயப் பகுதியில் கில், ஜார்க்கண்டில் குருவா என அப்பட்டியல் நீள்கிறது. மெக்சிகோவின் மில்பா, இந்தோனேசியாவின் லடாங் ஆகிய பெயர்களும் உடன் தரப்பட்டுள்ளன.

1.2. இரண்டாவது, ஐந்தாம் வகுப்புச் சுற்றுச்சூழல் கல்விக்காக ஆங்கிலத்தில் 'லுக்கிங் அரவுண்ட்' என்றும் இந்தியில் 'ஆஸ் பாஸ்' என்றும் வெளிவந்து பல ஆண்டுகள் பயன்பாட்டில் இருந்த நூல். அதில் 'யாருடைய காடுகள்?' எனப் பொருள்படும் தலைப்பில் ஒரு பாடம் உண்டு. அதன் முற்பகுதி ஜார்க்கண்டின் குடுக் சமுதாயத்துப் பெண் ஒருத்தியின் காட்டுரிமை முயற்சியைக் கூறுகிறது. வட திராவிட மொழிகளுள் ஒன்றான குடுக்கில் காட்டைக் குறிக்கும் 'தோராங்' என்னும் சொல், அப்பெண் தொடங்கிய மையத்தின் பெயராக மாணவருக்கு அறிமுகமாகிறது. பிற்பகுதி மிசோரமின் ஒரு சிற்றூரில் நிகழ்கிறது. நிலம் ஊருக்குப் பொது. எந்தக் குடும்பத்திற்கு எந்த நிலம் என்பது குலுக்கலில் முடிவாகிறது. 'ஒரு டின்' நிலம் என்பது ஒரு டின் விதையை விதைக்கும் பரப்பு. களைகள் பிடுங்கப்படாமல் வெட்டி மண்ணோடு கலக்கப்படுகின்றன. நிலம் உழப்படாமல் இலேசாகக் கொத்தப்படுகிறது. காலத்தே வேலையை முடிக்க இயலாத குடும்பத்திற்குப் பிறர் துணைசெய்ய, அக்குடும்பம் அவர்களுக்கு உணவளிக்கிறது. அறுவடை முடிந்ததும் ஊர் கூடிச் செராவ் நடனம் ஆடுகிறது.

2. பட்டியலின் பொருண்மை

பத்தாம் வகுப்புப் பாடம் உள்ளூர்ப் பெயர்களை விட்டுவிடவில்லை, இது பாராட்டத்தக்கது. எனினும் அப்பெயர்கள் ஒரு பொருட் பன்மொழிகளாக வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. தேர்வுக்கு மனப்பாடம் செய்வதற்கே இவ்வரிசை பயன்படும். ஒரு சொல்லின் பொருள் அதனோடு உறவுடைய பிற சொற்களாலும் வரையறுக்கப்படுகிறது என்பது பொருண்மையியலின் அடிப்படை. மிசோ மொழியில் இவ்வகை விளைநிலத்திற்கு 'லோ' என்று பெயர். வெட்டப்பட்ட மூங்கிலும் மரமும் காய்ந்துகொண்டிருக்க, எரிப்பதற்கு முன் அமையும் இடைவேளையில் கொண்டாடப்படும் விழா 'சாப்சார் குட்' எனப்படும். நிலத்தின் பெயர், வேலையின் பருவம், விழா ஆகியன ஒரே சொற்புலத்தைச் சேர்ந்தவை. இப்புலத்திலிருந்து ஒரு சொல்லை மட்டும் பிரித்துப் பட்டியலில் வைக்கும்போது பெயர் எஞ்சுகிறது. அப்பெயர் சுட்டும் நோக்கு மறைகிறது.

மேலும், ஜூம் என்னும் ஒரே பெயருக்குள்ளும் நடைமுறைகள் வேறுபடுகின்றன. நாகாலாந்தின் கோனோமா ஊரில் ஆல்டர் மரங்களை வேரோடு அகற்றாமல் தலைப்பகுதியை மட்டும் வெட்டி, அவற்றினிடையே பயிரிடுகின்றனர். அம்மரத்தின் வேர்முண்டுகள் நைட்ரசனை மண்ணில் நிலைப்படுத்துகின்றன. 'வெட்டி எரித்தல்' என்னும் தொடர் இதனை விளக்காது. எந்த மரத்தை வெட்டாமல் காக்க வேண்டும் என்னும் அறிவே இங்கு முறையின் மையமாகும்.

3. வினைமுதல் யார்?

இரு பாடங்களுக்குமிடையே தொடரியல் நிலையிலும் ஒரு வேறுபாடு உண்டு. பத்தாம் வகுப்புப் பாடத்தில் உழவர் செய்யும் வினைகள் வெட்டுதல், எரித்தல், பெயர்தல் என்பனவே. மண்வளத்தை மீட்கும் வினைக்கு இயற்கை எழுவாயாக அமைகிறது. இதனால் அழிப்பது மனிதர், ஆக்குவது இயற்கை என்னும் பகுப்பு மாணவர் மனத்தில் பதிகிறது. எத்தனை ஆண்டு விடுவது, எப்போது திரும்புவது என்பன ஊர் எடுக்கும் முடிவுகள் என்பதற்கு அத்தொடர்களில் இடமில்லை.

ஐந்தாம் வகுப்புப் பாடத்திலும் ஜூம் முறையை விளக்கும் பகுதியில், ஆங்கில வடிவம் செயப்பாட்டு வினைகளையே மிகுதியும் ஆள்கிறது. ஆயினும் அப்பகுதியைச் சூழ்ந்த கதையில் குடும்பங்கள், குழந்தைகள், ஊர்ப் பெரியவர் எனப் பலர் இடம்பெறுவதால் வினைமுதல் யார் என்பது மாணவருக்கு விளங்குகிறது. தமிழில் பெயர்ப்போர் இவ்விடத்தில் விழிப்புடன் இருத்தல் வேண்டும். ஆங்கிலச் செயப்பாட்டு வினை ஒவ்வொன்றையும் 'படு' துணைவினையால் பெயர்த்தால், 'தீ பரவாதவாறு கவனம் செலுத்தப்படுகிறது' என்பது போன்ற தொடர்கள் தோன்றும். 'காட்டின் பிற பகுதிக்குத் தீ பரவாமல் ஊரார் பார்த்துக்கொள்கின்றனர்' என்பதே தமிழ் மரபு. பின்னைய தொடரில் ஊரார் வெளிப்படுகின்றனர். அவர்தம் பொறுப்பும் வெளிப்படுகிறது.

4. மொழிபெயர்ப்புச் சிக்கல்கள்

4.1. தரிசும் ஆறப்போட்ட நிலமும்: பயிரிடாமல் விட்டுவைத்த நிலத்தைக் குறிக்கத் 'தரிசு' என்னும் சொல் எளிதில் கைக்கு வரும். தமிழக வருவாய்த் துறை வழக்கில் 'தீர்வை ஏற்பட்ட தரிசு', 'தீர்வை ஏற்படாத தரிசு' என்னும் வகைப்பாடுகள் உள்ளன. வரி தரும் பயன்பாடு ஒன்றே பயன்பாடு என்னும் கண்ணோட்டம் இச்சொல்லில் ஊறியுள்ளது. மிசோ ஊரார் பல ஆண்டுகளுக்கு விட்டுவைத்த நிலத்தைத் தரிசு என்றால், மூங்கிலும் மரமும் வளரும் நிலம் வீண் நிலமாகிவிடும். உழவர் வழக்கில் 'நிலத்தை ஆறப்போடுதல்' என்னும் தொடர் உண்டு. தரிசு என்பது நிலத்தின் நிலையை மட்டும் கூறும் பெயர். 'ஆறப்போட்ட' என்பது ஒருவர் கருதிச் செய்த செயலையும், மீண்டும் அந்நிலத்திற்கு வருவர் என்னும் எதிர்பார்ப்பையும் ஒருங்கே உணர்த்தும் பெயரெச்சம். பாடத்திற்கு ஏற்றது இதுவே.

சொல்லின் தேர்வு செயலுக்கு இட்டுச் செல்லும் என்பதற்குக் கட்சு மாவட்டத்தின் பன்னிப் புல்வெளி சான்றாகும். ஆறுகள் கொணர்ந்த வண்டலால் 'உண்டான' நிலம் என்று அப்பெயருக்குப் பொருள் கூறுவர். அங்கு மேய்ச்சலை நம்பி வாழ்வோர் மால்தாரிகள். 'மால்' என்பது கால்நடைச் செல்வத்தைக் குறிக்கும். தமிழில் 'மாடு' என்னும் சொல் செல்வத்தையும் குறித்தமை இங்கு ஒப்புநோக்கத்தக்கது. உவர் நிலம் பரவுவதைத் தடுக்கும் பொருட்டு 1960களின் தொடக்கத்தில் வனத்துறை இங்குச் சீமைக்கருவேலத்தை நட்டது. அம்மரம் பெருகிப் புல்வெளியின் பெரும்பகுதியைக் கவ்வியது. அப்பகுதி மக்கள் அதனைக் 'காண்டோ பாவல்', அதாவது பித்துப்பிடித்த வேலமரம், என்கின்றனர். மரமில்லாத இடம் குறையுடைய இடம் எனக் கொண்டவர்க்கும், புல்லை வாழ்வாகக் கொண்டவர்க்கும் நிலம் வேறுவேறாகத் தோன்றியது. இவ்விரு நோக்குகளுள் எதனைத் தம் சொல் சுமக்கிறது என்பதை மொழிபெயர்ப்பாளர் அறிந்திருத்தல் வேண்டும்.

4.2. குலுக்கலும் கரையீடும்: மிசோ ஊரின் நிலப் பகிர்வை 'லாட்டரி' என எழுதினால் தமிழ்ச் சிறுவர்க்குப் பரிசுச்சீட்டே நினைவுக்கு வரும். இதற்கு மாறாகக் 'கரையீடு' என்னும் பழந்தமிழ் வழக்கை எடுத்தாளலாமோ என்னும் எண்ணம் எழலாம். ஊர்நிலத்தைப் பங்காளிகள் குறித்த கால இடைவெளியில் மாற்றிப் பங்கிட்டுக்கொண்ட முறை அது. ஆயின் கரையீட்டில் பங்கு பெற்றோர் காணியுரிமை உடையோர் மட்டுமே. நிலத்தில் உழைத்தோர் பலர் அதற்கு வெளியே நின்றனர். எனவே அச்சொல் மிசோ ஊர்ப் பொதுமைக்கு ஒவ்வாத ஒரு வரலாற்றையும் உடன் கொண்டுவந்துவிடும். 'குலுக்கல்' என்னும் எளிய சொல்லே போதுமானது.

4.3. புனமும் குறிஞ்சியும்: காட்டை எரித்துப் பயிரிடும் நிலத்திற்குப் 'புனம்' என்னும் தொன்மையான சொல் தமிழில் உண்டு, மலபாரிலும் இம்முறை புனம் என்றே வழங்கியது. தமிழக மலைவாழ் மக்கள் வழக்கில் ஏர் செல்லும் நிலம் 'உழவுக்காடு' என்றும், கொத்திப் பயிரிடும் சரிவு நிலம் 'கொத்துக்காடு' என்றும் வேறுபடுத்தப்படுகின்றன. ஒப்புமை காட்ட இவை பயன்படும். ஆனால் மிசோ மக்களைக் 'குறிஞ்சி நில மாந்தர்' எனப் பெயர்ப்பது பிழையாகும். அது பெருமைப்படுத்தும் நோக்கில் எழுந்தாலும், இன்று பள்ளிக்குச் செல்லும் மிசோக் குழந்தையைச் சங்க காலத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. 'தொன்மை நிலை' என்று இகழும் வகைப்பாடு செய்வதையே இப்புகழ்ச்சியும் செய்கிறது. இரண்டுமே சமகாலத்தவரைக் கடந்த காலத்தவராக்குகின்றன.

4.4. விதைப்பாடு: 'ஒரு டின் நிலம்' என்னும் அளவையை ஏக்கரிலோ எக்டேரிலோ மாற்றித் தருவது தெளிவைக் கூட்டும் எனச் சிலர் கருதலாம். அம்மாற்றம் பாடத்தின் உயிர்நாடியை அறுத்துவிடும். விதையால் நிலத்தை அளக்கும் வழக்கம் தமிழுக்குப் புதிதன்று. நெல்லைச் சீமையிலும் நாஞ்சில் நாட்டிலும் 'ஒரு கோட்டை விதைப்பாடு', 'ஒரு மரக்கால் விதைப்பாடு' என நிலத்தைக் குறித்தனர். எனவே 'ஒரு டின் விதைப்பாடு' என்னும் ஆக்கம் தமிழ் இலக்கணத்துக்கும் இயைந்தது. மிசோ நோக்கையும் சிதைக்காது. கரையீடு பொருந்தாத இடத்தில் விதைப்பாடு பொருந்துவதன் காரணம் கருதத்தக்கது. முன்னது உரிமையுடையோர் யார் என்பதைச் சுட்டுவது. பின்னது விதைக்கும் கைக்கும் நிலத்திற்கும் உள்ள தொடர்பை மட்டும் சுட்டுவது. பெறுமொழியின் மரபுச் சொல்லை ஏற்பதா விலக்குவதா என்பதற்கு இத்தகைய பொருண்மைக் கூறாய்வே அளவுகோலாதல் வேண்டும்.

5. ஐந்தாம் வகுப்புப் பாடத்தின் குறை

ஐந்தாம் வகுப்புப் பாடம் குறையற்றது எனக் கூறுவதற்கில்லை. அது காட்டும் ஊரில் கருத்து வேறுபாடு இல்லை, மாற்றமும் இல்லை. மேகாலயாவிலும் பிற வடகிழக்குப் பகுதிகளிலும் ஜூம் முறையை ஆராய்ந்த பி. எஸ். ராமகிருஷ்ணன், நிலத்தை ஆறப்போடும் காலம் பத்தாண்டு அளவில் இருக்கும்போது இம்முறை நிலைத்து நிற்பதையும், அது நான்கைந்து ஆண்டுகளாகச் சுருங்கும்போது மண் நலிவதையும் தம் ஆய்வுகளில் விளக்கினார். அவ்வாய்வுகளைத் தொகுத்த நூல் 1992-இல் வெளிவந்தது. மிசோரம் அரசு ஜூம் முறையிலிருந்து உழவரை விடுவிக்கும் நோக்குடன் புதிய நிலப் பயன்பாட்டுக் கொள்கையை 1980களில் தொடங்கி, 2011-இல் விரிவாக மீண்டும் செயல்படுத்தியது. நிலத்தைப் பற்றிய நோக்கு ஒரு சமுதாயத்திற்குள்ளேயே விவாதத்திற்குரியது என்பதை இச்செய்திகள் காட்டும். பத்து வயதுக் குழந்தைக்கு இதனைச் சொல்ல இயலும். 'முன்பு பல ஆண்டுகள் ஆறப்போட்டோம், இப்போது சில ஆண்டுகளிலேயே திரும்புகிறோம், ஏன்?' என்று பாடத்தின் பெரியவர் ஒருவர் வினவுவதாக அமைத்திருந்தால் போதுமானது.

6. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், பிற சமுதாயத்தாரின் நில நோக்கைக் கற்பிக்கும் பாடத்தை மதிப்பிட மூன்று வினாக்கள் தேவை என்பது பெறப்படும். அவர்தம் சொல், அதன் உறவுச் சொற்களோடு தரப்பட்டுள்ளதா? நிலத்தைப் பேணும் வினைக்கு அவர்களே எழுவாயாக உள்ளனரா? பெயர்ப்புச் சொல் வருவாய்த் துறையின் தீர்ப்பையோ பெறுமொழியாரின் பழம்பெருமையையோ அவர்கள்மேல் ஏற்றுகிறதா? இவ்வினாக்களுக்கு விடை காணாத பாடம், எத்துணைச் செய்திகளைத் தந்தாலும், அயலாரின் நிலத்தைத் தன் அளவுகோலால் அளக்கவே குழந்தையைப் பழக்கும்.

பாடநூலில் கற்ற சொல்லே பின்னர் அலுவலகக் கோப்பிலும் சட்ட மொழிபெயர்ப்பிலும் இடம்பெறுகிறது. ஆறப்போட்ட நிலத்தைத் தரிசு எனக் கற்ற மாணவர், பின்னாளில் அலுவலராகி அதனைத் தரிசு என்றே பதிவு செய்வார். அப்பதிவைத் திருத்துவதைவிட ஐந்தாம் வகுப்புப் பாடத்தின் ஒரு சொல்லைத் திருத்துவது எளிது. தமிழில் 'பார்த்தல்' என்னும் வினை நோக்குதலைக் குறிக்கும். 'பார்த்துக்கொள்ளுதல்' பேணுதலைக் குறிக்கும். பிற சமுதாயத்தார் நிலத்தைப் பார்க்கும் முறையை மட்டும் கூறி, பார்த்துக்கொள்ளும் முறையைக் கூறாது விடும் பாடம் பாதிப் பாடமே.