கூட்டலும் கழித்தலும்

அமெரிக்கப் பள்ளிகளில் பேச்சுப் பயிற்சி உதவியாளர் என்றொரு வேலை உண்டு. பேச்சு-மொழி நிபுணர் குழந்தையைச் சோதித்து, குறையைக் கண்டறிந்து, திட்டம் எழுதித் தருவார். அதன்படி குழந்தையோடு உட்கார்ந்து பயிற்சி கொடுப்பவர் இவர்.

எனக்குப் பிடித்தது இவர் கையிலிருக்கும் குறிப்புத்தாள். முயல் படத்தைக் காட்டுகிறார். 'ராபிட்' என்பதற்குப் பையன் 'வாபிட்' என்கிறான். ஒரு கழித்தல் குறி. அடுத்த படத்தில் ரகரம் சரியாக விழுகிறது, கூட்டல் குறி. சொல்லிக்காட்டிய பிறகு சரியாக வந்தால் அதற்குத் தனிக் குறி, தானாக வந்ததும் தூண்டி வந்ததும் ஒன்றல்லவே! சிரித்துக்கொண்டே, அட்டையைப் புரட்டிக்கொண்டே, பையனின் கவனம் சிதறாமல் இதையெல்லாம் குறித்துவிட வேண்டும். லேசில் வருகிற கைப்பழக்கம் இல்லை.

அந்தக் குறிகளுக்கு அர்த்தம் சொல்வதும் திட்டத்தை மாற்றுவதும் நிபுணரின் பொறுப்பு. "இவனுக்கு என்ன கோளாறு?" என்று அம்மா கேட்டால், விடை தெரிந்தாலும் நிபுணரிடம்தான் அனுப்ப வேண்டும். வாயை அடக்குவதும் இந்த வேலையில் ஒரு தேர்ச்சி.

உதவியாளர் வேலை செய்வது நிபுணரின் மேற்பார்வையில்தான். மேற்பார்வை என்றதும் நமக்குப் பிரம்போடு நிற்கும் ஆள்தான் நினைவுக்கு வருகிறார். இங்கே நிபுணர் சில நாள் கூடவே உட்கார்ந்து பார்ப்பார். மற்ற நாட்களில் தாள்களைப் புரட்டுவார், பதிவைக் கேட்பார். அமெரிக்கப் பேச்சு-மொழி-செவித்திறன் சங்கம் 2020இல் உதவியாளர்களுக்கெனத் தனிச் சான்றிதழ் கொண்டுவந்தது. அதற்கு 100 மணி நேரக் களப்பயிற்சி தேவை. நிபுணரையும் விட்டுவைக்கவில்லை: மேற்பார்வை செய்வது எப்படி என்று அவரும் பயின்றிருக்க வேண்டும். அந்த விதியை எழுதியவருக்கு ஒரு சபாஷ்.