சிங்கத்தின் பேடை

திருப்பாவை 23ஆம் பாசுரத்தில், மழைக்காலத்தில் மலைக்குகையில் உறங்கும் சிங்கம் எம்பெருமானுக்கு உவமையாகிறது. அங்குள்ள ‘மன்னி’ என்னும் சொல்லுக்கு, அச்சிங்கம் தன் பேடையோடு ஏகவஸ்து என்னலாம்படி பொருந்திக் கிடப்பதாகப் பூர்வர்கள் வியாக்யானம் அருளினர். பேடை என்பது பறவைப் பெண்ணின் பெயரன்றோ, சிங்கத்திற்கு அதனைக் கூறுதல் மரபுவழுவாகாதோ என்னில், ஆகாது.

தொல்காப்பிய மரபியல் பிணவு என்னும் பெயரைப் பன்றி, புல்வாய், நாய் ஆகியவற்றிற்கும், பிடி என்பதை யானைக்கும் உரியதாக்கிற்று. பெண்சிங்கத்திற்குத் தனிப்பெயர் எதனையும் விதித்திலது. பெண்பால் அனைத்தையும் பெண் எனலாம் என்ற பொதுவிதியே அதற்குச் செல்லும். நற்றிணை புலியின் பெண்ணையும் பிணவாகப் பாடுதலின், அவ்வரையறை செய்யுளில் நெகிழ்ந்தமையும் தெளிவு.

வடமொழியில் இதற்குரிய சொல் ஸிம்ஹீ. ஜாதிவாசகமான ஸிம்ஹ சப்தத்தின்மேல் ஙீஷ் ப்ரத்யயம் வந்து அது ஸித்திக்கும். ஸிம்ஹ சப்தத்தையோ பதஞ்ஜலி ஹிம்ஸைப் பொருளுள்ள தாதுவிலிருந்து எழுத்து முறைமாற்றத்தால் கொண்டார். தைத்திரீய ஸம்ஹிதையில் உத்தரவேதி தேவாசுரர்களுக்கிடையே ஸிம்ஹீ வடிவெடுத்து நின்றதாகக் கூறப்படுகிறது. அவ்வேதியைக் குறித்த மந்திரமும் அவளைச் சத்ருக்களை அடக்குபவளாகவே சொல்லும். ஆகவே ஸிம்ஹீ என்றவிடத்து வலிமையும் எதிர்ப்புமே முற்படத் தோன்றும்.

இவ்விடத்து விவக்ஷிதம் அதுவன்று. சேவலும் பேடையும் என இணைத்தே வழங்கிப் பழகிய சொல்லாதலின், பேடை என்றமாத்திரத்தில் துணையோடு கூடியிருக்கும் இருப்புத் தோன்றும். இனத்தை உணர்த்துவது ஸிம்ஹீ. சேர்த்தியை உணர்த்துவது பேடை. வியாக்யானத்திற்கு வேண்டுவது சேர்த்தியே.

மூலத்தில் இல்லாத பேடையைக் கூட்டியுரைத்தல் மிகையன்றோ என்னில், அன்று. 18 முதல் 20 வரையான பாசுரங்களில் ஆண்டாள் நப்பின்னைப் பிராட்டியைத் துயிலுணர்த்திப் புருஷகாரமாகப் பற்றிய பின்னரே இப்பாசுரம் வருகிறது. அங்குச் சொன்ன சேர்த்தியை இங்கு ‘மன்னி’ என்ற ஒரு சொல் நினைப்பூட்டுகிறது. பேடையை நீக்கினால் உவமையில் எஞ்சுவது தனியே கிடக்கும் சிங்கத்தின் மிடுக்கு மாத்திரமே. ஆச்ரயிப்பார்க்கு அது அச்சத்துக்கு உடலாம். பேடையோடு கிடக்கையாலன்றோ, அச்சிங்கத்தை எழுந்து வரும்படி ஆய்ச்சியர் அஞ்சாது வேண்டுகின்றனர். ஆதலின் பேடை என்ற இடத்தில் வேறு சொல்லைப் பெய்வது வியாக்யானத்தின் கருத்தையே இழப்பதாகும்.