எண் சொன்னார்கள், வழி சொன்னார்களா?

2020 மே 4 அன்று மாலை தமிழ்நாடு சுகாதாரத் துறை வெளியிட்ட கணக்கின்படி, புதிதாகக் கொரோனா தொற்று உறுதியானவர்கள் 527 பேர். சென்னையில் 266. அதற்கு அடுத்த இடத்தில் கடலூர் மாவட்டம், 122. கோயம்பேடு சந்தையில் மூட்டை தூக்கியும் கடைகளில் வேலை பார்த்தும் பிழைத்துவந்த இம்மாவட்டத்துத் தொழிலாளர்கள் கிடைத்த வண்டிகளில் ஊர் திரும்பியிருந்தார்கள். அவர்களிடம் எடுத்த மாதிரிகளின் முடிவுகள் மொத்தமாக வந்து சேர்ந்த நாள் அது.

கெடிலம் ஆற்றங்கரையில், கடலூருக்குச் சற்று மேற்கே இருக்கிறது திருவந்திபுரம். அன்றிரவு அங்கே தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்த ஒரு குடும்பத்துக்கு 122 என்ற எண்ணால் என்ன தெரிந்திருக்கும்? தொற்று நம் பக்கமா, விருத்தாசலம் பக்கமா? காலையில் பால் வாங்கப் போகலாமா? சென்னையிலிருந்து வந்திருக்கும் எதிர்வீட்டுப் பையனிடம் பேசலாமா? ராத்திரி காய்ச்சல் கண்டால் யாரைக் கூப்பிடுவது? ஒன்றுக்கும் அந்த எண்ணில் விடை இல்லை. அச்சம் மட்டும் இருந்தது.

ஊரடங்கைப் பற்றியும் மருத்துவமனைகளைப் பற்றியும் தடுப்பூசியைப் பற்றியும் நிறைய எழுதியாகிவிட்டது. அந்த இரண்டு ஆண்டுகளில் நம் காதில் விழுந்த சொற்களை, அதாவது அன்றாட நலச் செய்திகளையும் தைரிய வார்த்தைகளையும், யாரும் நிறுத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. நிறுத்துப் பார்க்க மூன்று அளவுகோல்கள் போதும் என்று நினைக்கிறேன். சொன்னது உண்மையா, உரிய நேரத்தில் சொல்லப்பட்டதா? கேட்டவருக்கு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்ததா? நோயாளியின் மானத்தை அது காத்ததா? முதல் அளவுகோல் உலக சுகாதார நிறுவனம் 2005-லேயே நோய்ப்பரவல் காலத்துக்கென்று வகுத்த வழிகாட்டுதலில் உள்ளது. மக்களின் நம்பிக்கையைப் பெறு, சீக்கிரம் அறிவி, எதையும் மறைக்காதே, மக்கள் சொல்வதைக் கேள் என்பதுதான் அதன் சாரம். மற்ற இரண்டும் நம் தெருக்களில் கற்றவை.

முதல் அளவுகோலில் தமிழ்நாட்டுக்குப் பாராட்டு உண்டு. 2020 மார்ச் 7-ல் முதல் தொற்று அறிவிக்கப்பட்டதற்குப் பிறகு, மாலைதோறும் கணக்கு வந்தது. முதல் மாதங்களில் சுகாதாரச் செயலர் பீலா ராஜேஷும், ஜூன் மாதம் அந்தப் பொறுப்புக்கு வந்த ஜெ. ராதாகிருஷ்ணனும் செய்தியாளர்களைச் சந்தித்துப் பேசினார்கள். முதல் அலையின்போது ஒவ்வொரு மரணத்துக்கும் இறந்தவரின் வயது, மாவட்டம், மருத்துவமனையில் சேர்ந்த நாள், இணை நோய்கள் எல்லாம் பெயரில்லாமல் பதிவாயின. பதற்றமான காலத்தில் ஒரு குறிப்பிட்ட நேரத்துக்குச் செய்தி வரும் என்ற உறுதியே பாதித் தைரியம். அதைக் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

ஆனால் கறையும் உண்டு. 2020 ஜூலை 22 அன்று, அதுவரை கணக்கில் வராதிருந்த 444 மரணங்கள் ஒரே நாளில் சேர்க்கப்பட்டன. மாநிலக் கணக்கும் சென்னை மாநகராட்சியின் பதிவேடும் ஒத்துப்போகவில்லை என்பது வெளியே தெரிந்த பிறகு அமைக்கப்பட்ட குழுவின் ஆய்வில் கிடைத்த எண் அது. இதை இரண்டு விதமாக எடைபோடலாம். விடுபட்டது பெரிய தவறு, அதைக் கண்டுபிடிக்க வெளியிலிருந்து அழுத்தம் தேவைப்பட்டது என்பது ஒரு பக்கம். கண்டுபிடித்த பிறகு ஒளிக்காமல் அரசே எண்ணோடு அறிவித்தது என்பது மறுபக்கம். இந்தியாவில் 2020, 2021 ஆண்டுகளில் பெருந்தொற்றால் நேரடியாகவும் மறைமுகமாகவும் நேர்ந்த மரணங்கள் ஏறத்தாழ 47 லட்சம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் மதிப்பிட்டது. அந்த ஆண்டுகளுக்கு நாட்டின் கணக்கு 5 லட்சத்துக்கும் குறைவு. இந்திய அரசு அந்த மதிப்பீட்டு முறையை ஏற்கவில்லை. அந்தச் சூழலில், விடுபட்ட 444 பேரை வெளிப்படையாகச் சேர்த்தது மதிக்க வேண்டிய செயல்.

கணக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பது பிறகு தெரிந்தது. உச்ச நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பின் 2021-ல் இறந்தவர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் உதவித்தொகை என்று ஆனபோது, நோயின் பெயர் இல்லாத மருத்துவச் சான்று வைத்திருந்த குடும்பங்கள் அலைய வேண்டியிருந்தது. கணக்கில் வராத மரணம் என்பது, துக்கத்தில் இருப்பவரிடம் உன் இழப்பு இழப்பே இல்லை என்று சொல்வது. எத்தனை ஆறுதல் மொழி சொன்னாலும் அதை ஈடுகட்ட முடியாது. ஆகவே முதல் அளவுகோலில் என் தீர்ப்பு: தேர்ச்சி, கறையோடு.

இரண்டாவது அளவுகோலில் நிலைமை வேறு. கடலூர்க்காரர்களுக்கு எச்சரிக்கை எண் புதிதல்ல. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறினால், எத்தனையாம் எண் என்றுதான் முதலில் கேட்பார்கள். 1 என்றால் ஒரு பொருள், 7 என்றால் இன்னொன்று, 10 என்றால் பெரிய ஆபத்து. கடலுக்குப் போகலாமா, படகைக் கரையேற்ற வேண்டுமா, வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டுமா என்ற முடிவு அந்த எண்ணோடு சேர்ந்தே வந்துவிடும். 2004 ஆழிப்பேரலை, 2011 தானே புயல், 2015 வெள்ளம் என்று அடிபட்ட மாவட்டம் இது. எண்ணைச் செயலாக மாற்றத் தெரிந்த மக்களிடம், செயலோடு ஒட்டாத எண்ணைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

இதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது, விரிவான நாள் அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் நமக்கு வந்தது அதைத் தொலைக்காட்சிகள் சுருக்கித் திரையின் அடியில் ஓடவிட்ட எண்கள். இரண்டாவது, அலகு மாவட்டமாக இருந்தது. திட்டக்குடியும் காட்டுமன்னார்கோயிலும் நெல்லிக்குப்பமும் சிதம்பரமும் ஒரே எண்ணுக்குள் அடங்கின. ஊர்வாரியாகச் சொன்னால் நோயாளி யாரென்று தெரிந்துவிடும், அவரை ஒதுக்கிவிடுவார்கள் என்று ஒரு மறுப்பு உண்டு. அது நியாயமான மறுப்பு. ஆனால் ஊருக்குத் தேவைப்பட்டது நோயாளியின் முகவரி அல்ல. காய்ச்சல் முகாம் எந்தத் தெருவில், என்றைக்கு? மாதிரி எடுக்கும் வண்டி எப்போது வரும்? மூச்சு வாங்கினால் கடலூர் அரசு மருத்துவமனைக்கா, சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவமனைக்கா? இவற்றைத் தமிழில், ஊர்வாரியாகச் சொல்வதால் யாருடைய அந்தரங்கமும் கெடாது.

இந்தக் குறை ஓரளவு தீர்ந்தது இரண்டாவது அலையில். 2021 மே 21 அன்று மாநிலத்தில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது. ஆக்சிஜன் படுக்கைக்காக உறவினர்கள் மருத்துவமனை மருத்துவமனையாக ஓடிய அந்த வாரங்களில், படுக்கை நிலவரத்தை மாவட்டவாரியாக, மருத்துவமனைவாரியாகக் காட்டும் இணையதளமும், 104 எண்ணோடு இணைந்த கட்டளை மையமும் இயங்கின. எல்லாருக்கும் படுக்கை கிடைத்துவிடவில்லை. ஆனால் ‘எங்கே போவது’ என்ற கேள்விக்கு அரசு விடை சொல்ல முயன்ற இடம் அதுதான். தொற்று எண்ணிக்கை வயிற்றைக் கலக்கியபோது, காலிப் படுக்கை எண்ணிக்கை ஒரு வழியைக் காட்டியது. ஓராண்டுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டிய வேலை என்பதால், இந்த அளவுகோலில் பாதி மதிப்பெண்தான்.

மூன்றாவது அளவுகோலில்தான் தோல்வி கடுமையானது. 2020 மார்ச் இறுதியில், டெல்லியில் நடந்த முஸ்லிம் மத மாநாட்டுக்குப் போய்வந்தவர்கள் என்று தனி எண்ணிக்கை வந்தது. தொடர்பைக் கண்டறிய அந்தத் தகவல் சுகாதாரப் பணியாளர்களுக்குத் தேவை. நாள்தோறும் ஊரெல்லாம் கேட்க அறிவிக்க வேண்டிய தேவை என்ன? நோய்க்கு மதச் சாயம் பூசாதீர்கள் என்று அன்றைய முதலமைச்சர் பழனிசாமி கேட்டுக்கொண்டார். அறிக்கையும் பிறகு ‘ஒரே மூலம்’ என்ற பொதுச்சொல்லுக்கு மாறியது. மாறியது நல்லது. அதற்குள் ஒரு சமூகத்தின் மேல் பழி விழுந்துவிட்டது. அடுத்த மாதமே ‘கோயம்பேடு தொடர்பு’ என்ற முத்திரை வந்தது. இம்முறை கூலித் தொழிலாளியின் மேல் விழுந்தது.

பிறகு தகரம். தொற்று வந்த வீட்டின் வாசலில் அறிவிப்பு ஒட்டினார்கள். பல ஊர்களில் தெருவையே தகரம் வைத்து அடைத்தார்கள். யாரைக் கூப்பிட்டாலும் கைபேசியில், நோயோடுதான் போராட வேண்டும், நோயாளியோடு அல்ல என்று ஒரு குரல் கேட்டது. தெருவில் தகரம் வேறொன்றைச் சொன்னது. இரண்டையும் சொன்னது அரசுதான். மக்கள் நம்பியது கண்ணால் பார்த்ததை. முகக்கவசம் இல்லாமல் திரிந்த இளைஞர்களை நோயாளி போல நடித்தவர் இருக்கும் ஆம்புலன்சில் ஏற்றி அலறவிட்ட ஒரு காணொளியை 2020 ஏப்ரலில் திருப்பூர் மாவட்டக் காவல்துறை வெளியிட்டது. நாடே பார்த்துச் சிரித்தது. அதில் நோயாளி பேயாகக் காட்டப்பட்டார் என்பதை யாரும் யோசிக்கவில்லை. அதே மாதம் சென்னையில் தொற்றால் இறந்த மருத்துவரின் உடலை அடக்கம் செய்ய விடாமல் கூட்டம் கல்லெறிந்தது. அடக்கத்தைத் தடுப்பவருக்கு மூன்று ஆண்டுவரை சிறை என்று அவசரச் சட்டம் வந்தது. வீட்டு வாசலில் சுவரொட்டி ஒட்டத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்ல டிசம்பர் ஆனது.

பயம் காட்டியதால்தானே கட்டுப்பட்டார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. முகக்கவசம் அணிவதற்குப் பயம் உதவியிருக்கலாம். ஆனால் தொற்றுநோயைப் பிடிக்க அரசுக்கு வேண்டியது, காய்ச்சல் கண்டவர் தாமாக முன்வந்து சொல்வது. சொன்னால் தகரம் வரும் என்றால் யார் சொல்வார்? காய்ச்சலை மறைத்து, மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்கி, மூச்சு முட்டும்போதுதான் மருத்துவமனைக்கு வருவார். பயம் கட்டுப்பாட்டைத் தந்த அதே வேளையில் தகவலைக் கொன்றது. கணக்குப் பார்த்தால் நஷ்டம்தான்.

இனி தேற்றுதல். மார்ச் 22-ல் கை தட்டினோம். ஏப்ரல் 5 இரவு ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிடம் விளக்கேற்றினோம். தனித்திருந்தவர்களுக்கு, எல்லாரும் கூட இருக்கிறார்கள் என்ற உணர்வை அது தந்தது. அதை நான் பழிக்க மாட்டேன். ஆனால் மருத்துவப் பணியாளர்களுக்குக் கை தட்டிய அதே ஆண்டின் டிசம்பரில், கொரோனா வார்டில் வேலை பார்த்த சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி மாணவர்கள், அரசுக் கல்லூரிக்குரிய கட்டணத்தையே வாங்குங்கள் என்று போராட்டத்தில் உட்கார வேண்டியிருந்தது. ஏறக்குறைய 50 நாள் நீண்ட போராட்டத்துக்குப் பின், 2021 ஜனவரி இறுதியில் கல்லூரி சுகாதாரத் துறையின் கீழ் வந்தது. தேற்றுகிறவரைத் தேற்றுவது கைதட்டலால் முடிகிற காரியமல்ல.

திருவந்திபுரத்துக்கே உரிய பாடம் ஒன்று உண்டு. தேவநாதப் பெருமாள் கோயிலுக்கு எதிரே ஹயக்ரீவர் குடியிருக்கும் மலைக்கு ஔஷதகிரி என்று பெயர்; அனுமன் கொண்டுபோன மருந்து மலையின் துண்டு என்பது ஐதீகம். முகூர்த்த நாளில் ஏராளமான திருமணங்கள் நடக்கும் தலம். 2021-ல் வழிபாட்டுத் தலங்கள் வெள்ளி, சனி, ஞாயிறு மூடப்பட்ட காலத்தில், கோயிலுக்கு வெளியே சாலையிலேயே தாலி கட்டினார்கள். மக்கள் பொறுப்பற்றவர்கள் என்று இதைச் சொல்லிவிடலாம். என் கருத்து வேறு: கதவைச் சாத்தும் ஆணை மட்டும் வந்தது, நேர்ந்துகொண்ட குடும்பத்தோடு உட்கார்ந்து, எத்தனை பேர், எந்த நேரம், எப்படி என்று பேசும் குரல் வரவில்லை. கூட்டம் குறையாமல் கோயிலிலிருந்து சாலைக்கு இடம் மாறியது.

அந்தக் குரல் நம்மிடம் இல்லாமலில்லை. கிராம சுகாதாரச் செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் வீடு வீடாகக் காய்ச்சல் விசாரித்தார்கள். பிரசவத்துக்கும் தடுப்பூசிக்கும் வந்து பழகிய முகம் என்பதால் அவரிடம் பொய் சொல்வது கடினம். அவர் சொன்னால் நம்புவதும் எளிது. இந்தப் பழகிய முகத்தின் மதிப்பு 2021 ஏப்ரலில் தெரிந்தது. மக்களுக்குத் தைரியம் சொல்லத் தாமே கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்ட நடிகர் விவேக், இரண்டு நாளில் மாரடைப்பால் இறந்தார். ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று உடனே விளக்கினார்கள். தேசியக் குழுவும் அக்டோபரில் அதையே உறுதிசெய்தது. ஆயினும் வாட்ஸ்அப் வதந்தி முந்திக்கொண்டது. ஒரு பிரபலத்தின் மேல் ஏற்றிவைத்த நம்பிக்கை அவரோடு சரிந்தது. செப்டம்பர் 12-ல் ஊர் ஊராக முகாம் போட்டு, தெரிந்த முகங்கள் வீட்டுக்கு வந்து கூப்பிட்டபோது, ஒரே நாளில் 28 லட்சத்துக்கும் மேற்பட்ட ஊசிகள் போடப்பட்டன. பயமும் பார்த்த சாவுகளும் அதற்கு ஒரு காரணம்தான். ஆனால் அழைத்த முகம் பெரிய காரணம் என்றே கருதுகிறேன்.

ஆகவே தீர்ப்பு இது. தமிழ்நாட்டின் பெருந்தொற்றுக் கால நலச் செய்திகள் ஒழுங்கில் சிறந்தவை, உண்மையில் பெரும்பாலும் நம்பத்தக்கவை, பயனில் குறையுள்ளவை, மானம் காப்பதில் தோற்றவை. தைரிய வார்த்தைகள் செய்தியிலிருந்து தனியாகப் பிரிந்து நின்ற இடத்தில் எல்லாம் பலனற்றுப் போயின. செய்தியும் உதவியும் ஒரே வாயிலிருந்து வந்த இடத்தில் மட்டும் வேலை செய்தன. ‘பயப்படாதீங்க’ என்பது தனியாக வந்தால் வெறும் சொல். ‘பயப்படாதீங்க, விரலில் இதை மாட்டி ஆக்சிஜன் அளவைப் பாருங்க, 94-க்குக் கீழே போனா இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க, நாளைக்கு நானே வர்றேன்’ என்பது மருத்துவம்.

அடுத்த தொற்று வருமுன் செய்ய வேண்டியவை இதிலிருந்தே கிடைக்கின்றன. நாள் அறிக்கை முதலில் தமிழில் எழுதப்பட வேண்டும். ஒவ்வோர் எண்ணோடும் ஒரு செயல் சேர வேண்டும். ஊராட்சி அளவில் செவிலியரின் பெயரும் தொடர்பு எண்ணும் இப்போதே ரேஷன் கடையில் எழுதிவைக்கப்பட வேண்டும். வீட்டு வாசலில் எதையும் ஒட்டக் கூடாது என்பது சட்டமாக வேண்டும். கோயில், மசூதி, தேவாலய நிர்வாகிகள் ஆணை வந்த பிறகல்லாமல், ஆணை எழுதப்படும்போதே அழைக்கப்பட வேண்டும். இவற்றுக்குப் பெரிய செலவில்லை. நோயாளியை மனிதராகப் பார்க்கும் நிர்வாகம் இருந்தால் போதும்.