ஸ்க்ரூ டிரைவர் காது

இன்ஜின் வேலை முடிந்த என் பழைய 350 புல்லட் முதல் உதையிலேயே கிளம்பியது. சந்தோஷம் ஒரு நிமிடம்தான். உள்ளே யாரோ நகத்தால் தட்டுவதுபோல 'டிக் டிக்'. போர் போட்டு புது பிஸ்டன் மாற்றிய வண்டி, வயிறு கலங்கிவிட்டது.

மெக்கானிக் அண்ணன் ரேடியோவை அணைத்தார். நீள ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இன்ஜினில் ஊன்றி, பிடியைக் காதருகே எலும்பில் அழுத்திக்கொண்டார். ஹெட், சிலிண்டர், கிராங்க் கேஸ் என்று மெல்ல நகர்ந்தார்.

பிஸ்டன் தட்டல் என்றால் குளிர்ந்த இன்ஜினில் கேட்டு, சூடேறி அலுமினியம் விரிந்ததும் அடங்கும். கனெக்டிங் ராடு பேரிங் என்றால் முறுக்கும்போது அடிவயிற்றிலிருந்து 'டொக் டொக்'. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. அதனால் வால்வுச் சத்தம் பாதி வேகத்தில்தான் விழும். 90 மி.மீ. ஸ்ட்ரோக் உள்ள இந்த வண்டியின் நிதானத்தில் அதை எண்ணிவிடலாம். வேறு வண்டியில் முயன்று தோற்றிருக்கிறேன்.

"வால்வு டேப்பட்தான் தம்பி. இன்ஜின் ஆறட்டும்."

டீ குடித்துவிட்டு வந்தோம். பக்கவாட்டு மூடியின் ஒற்றை நட்டைக் கழற்றி, பிஸ்டனை கம்ப்ரஷனில் மேலே நிறுத்தி, புஷ்ராடுகளை ஒவ்வொன்றாக இரு விரலால் உருட்டினார். தடையில்லாமல் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. ஃபீலர் கேஜ் கிடையாது, விரல்தான் அளவு. ஒன்று ஆடியது. கால் திருப்புகூட இல்லை, சரியாகிவிட்டது.

மறுபடி உதைத்தார். லேசாக ஒரு 'டிக்' மிச்சம்.

"அது இருக்கட்டும். ரொம்ப இறுக்கினா வால்வு மூடாது, கருகிடும்."